தன்னார்வலரும் கூலியாளும்: வானூர் மேட்டுநிலத் தோட்டங்களில் உழைப்பின் பெயர்கள்

ஆய்வுச் சுருக்கம்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் 1968ஆம் ஆண்டுக்குப் பின் உருவான காடுகளையும் சமூகத் தோட்டங்களையும் பற்றிப் பேசும்போது முதலில் நினைவுக்கு வரும் சொல் 'தன்னார்வலர்' என்பதாகும். ஒரே வகைக் குழியைத் தோண்டிய, ஒரே பாத்தியில் களையெடுத்த உழைப்பு, அதைச் செய்தவரைப் பொறுத்துத் தன்னார்வம், பராமரிப்பு, கூலி, நூறு நாள் வேலை எனப் பல பெயர்களைப் பெற்றது. நந்தவனத் திருப்பணி, வெட்டி, குடிமராமத்து ஆகிய பழைய உழைப்பு முறைகளோடு இப்பெயர்களை ஒப்புநோக்கி, 'தன்னார்வம்' என்னும் சொல் வரலாற்றெழுத்தில் எதனைக் காட்டுகிறது, எதனை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானூர், ஆரோவில், சமூகத் தோட்டம், தன்னார்வம், நந்தவனம், வெட்டி, குடிமராமத்து, கூலி

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கத்தில் இக்கட்டுரையாளர் வானூர் வட்டத்திலுள்ள ஒரு சமூகத் தோட்டத்தில் சில வாரங்கள் காலைப்பணி செய்தார். வாயிலருகே அட்டை போட்ட தடித்த பதிவேடு ஒன்று இருந்தது. பெயர், ஊர், வந்த நாள், போகும் நாள், தோட்டத்தைப் பற்றிய கருத்து ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிப் பத்திகள் இருந்தன. அருகில் நின்று களையெடுத்த நான்கு பெண்களின் பெயர்கள் அப்பதிவேட்டில் இல்லை. அவை மேற்பார்வையாளரின் பையிலிருந்த நீள நோட்டில் இருந்தன. அந்நோட்டில் பெயருக்கு எதிரே நாள்தோறும் ஒரு குறி இடப்படும். சனிக்கிழமை அக்குறிகளை எண்ணிக் கூலி கொடுக்கப்படும். வேலை ஒன்றே, வெயிலும் ஒன்றே. கூலி வாங்காமலா இந்த வெயிலில் நிற்கிறாய் என்று அப்பெண்களுள் மூத்தவர் கேட்டபோது, ஆய்வுக்காக வந்திருக்கிறேன் என்பதற்குமேல் சொல்ல விடையில்லை. அக்கேள்வியிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

ஊதியமின்றியும் கட்டாயமின்றியும் பிறருக்காகச் செய்யப்படும் பணியே தன்னார்வப் பணி என 2013இல் ஜெனீவாவில் கூடிய தொழிலாளர் புள்ளியியலாளரின் 19ஆவது பன்னாட்டு மாநாடு வரையறுத்தது. இவ்வரையறையில் இரண்டு எதிர்மறைகள் உள்ளன: ஊதியம் இல்லை, கட்டாயம் இல்லை. தமிழகத்தின் உழைப்பு வரலாற்றில் இவ்விரண்டும் ஒன்றாக அமைந்த இடங்கள் மிகச் சில. ஊதியமில்லாத உழைப்பு பெரும்பாலும் கட்டாயத்தின்பாற்பட்டது. கட்டாயமற்றது எனப்பட்ட உழைப்புக்கோ நெல்லாகவோ நிலமாகவோ பணமாகவோ ஈடு கிடைத்துவந்தது. எனவே இவ்வரையறையை வானூருக்கு அப்படியே பொருத்துவதற்கு முன், இங்குள்ள சொற்களின் வரலாற்றை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

'தரிசு' என்னும் தொடக்கம்

1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதியாக இருந்தது வானூர். அதன் கிழக்கே வங்கக்கடலும் வடகிழக்கே கழுவேலி ஏரியும் உள்ளன. தெற்கே புதுச்சேரியின் கொம்யூன்கள் தமிழக ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. கடற்கரையிலிருந்து மேற்கே ஏறும் செம்மண் மேடு, மழைநீர் அரித்த ஆழமான ஓடைகளைக் கொண்டது. 1960களின் பிற்பகுதியில் அங்குச் சில பனைகளும் நடுவே ஓர் ஆலமரமும் தவிர வேறொன்றும் இல்லை என்பது ஆரோவில் பற்றிய நூல்களில் மீண்டும் மீண்டும் காணப்படும் சித்திரம். அப்போதைய ஒளிப்படங்களும் இதற்குச் சான்றாகின்றன. மண்ணரிப்பு உண்மை. எனினும் 'தரிசு' என்ற சொல் மண்ணைப் பற்றிய செய்தியோடு மக்களைப் பற்றிய ஒரு செய்தியையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. அங்கு யாரும் எதுவும் செய்யவில்லை என்னும் கருத்து அதில் உட்கிடையாக உள்ளது.

அம்மேட்டில் கம்பும் வரகும் மணிலாவும் விளைந்தன. ஆடுமாடுகள் மேய்ந்தன. முந்திரித் தோப்புகளும் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுப் புன்செய் நிலங்களின் மணிலாப்பயிர் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மர்சேய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. வேர்க்கடலை என்று பிற மாவட்டத்தார் சொல்வதை இப்பகுதியார் இன்றும் மணிலா என்றே சொல்கின்றனர். உலகச் சந்தைக்கான இப்பயிர் பரவியதும், கட்டடத்துக்கும் விறகுக்கும் மரம் வெட்டப்பட்டதும், மேய்ச்சலும் சேர்ந்தே மேட்டுநிலத்தின் மண்ணை வெளுக்கச் செய்தன என்று கருதுவது பொருந்தும். தரிசு என்பது இயற்கை நிலை அன்று. அதற்கும் ஒரு பொருளியல் வரலாறு உண்டு.

மக்கள் வழக்கில் இதற்கு வேறொரு விளக்கம் உள்ளது. இரும்பை மாகாளேசுவரர் கோயிலோடு தொடர்புடைய கடுவெளிச் சித்தர் கதை அது. சித்தரின் தவவெம்மையால் மழை பொய்த்தது. தவத்தைக் கலைக்க அரசன் ஆடல்மகளை அனுப்பினான். ஆடும்போது கழன்ற சிலம்பைச் சித்தரே எடுத்துப் பூட்டினார். ஊரார் எள்ளி நகையாட, அவருடைய சினத்தில் இலிங்கம் பிளந்தது. நிலம் பாழாகும் என்ற சாபமும் விழுந்தது. ஆரோவில் தொடர்பான எழுத்துகளில் இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பு உண்டு: தொலைநாட்டார் வந்து இந்நிலத்தை மீண்டும் பசுமையாக்குவர் என்பது. கோயிற்கதையில் எள்ளலும் அதன் தண்டனையும் நடுவிடம் பெறுகின்றன. பின்னிணைப்போடு சொல்லப்படும்போதோ வரப்போகிறவர்கள் நடுவிடம் பெறுகின்றனர். ஊர்க்கதை ஒன்று பசுமையாக்கத்தின் தொடக்கவுரையாக மாறும் இம்முறை தனியே ஆராயத்தக்கது. கதைப்படி நிலத்தைக் கெடுத்தவர்கள் உள்ளூரார், மீட்பவர்கள் வெளியூரார் என்பதை மட்டும் இங்குக் குறிப்பது போதும்.

இதற்கு மாறான சான்று மேட்டுக்கு வடக்கே கடற்கரையை ஒட்டி நிற்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காடு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டின் எஞ்சிய துண்டுகளுள் ஒன்றாகத் தாவரவியலாளரால் மதிக்கப்படுவது. வீரை, காயா, உலக்கைப்பாலை போன்ற மரங்களைக் கொண்ட இக்காட்டு வகை, சோழமண்டலக் கடற்கரை நெடுகிலும் பெரும்பாலும் இத்தகைய கோயிற்காடுகளிலேயே தங்கியிருக்கிறது. இக்காட்டை நட்டவர் இவர் என்று சொல்ல ஒருவருமில்லை. வெட்டாமல் விட்டவர்கள் பல தலைமுறையினர். பின்னாளில் மேட்டுநிலத்தில் உள்நாட்டு மரங்களை வளர்க்க முயன்றோர் விதை தேடிப் போனதும் இத்தகைய எச்சக் காடுகளுக்கே. பசுமையாக்கத்தின் கணக்கில் விதையைக் காத்தவர் பெயருக்கு ஒரு பத்தி ஒதுக்கப்படுவதில்லை.

நந்தவனமும் வெட்டியும்

பொதுப்பயனுக்கான தோட்டம் என்பது தமிழகத்துக்குப் புதிதன்று. பெரியாழ்வாருக்கு வில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வாருக்குத் திருவரங்கத்திலும் நந்தவனப் பணியே தொண்டாக இருந்தது என்பது வைணவ மரபு. சைவ மரபில் அதே தென்னார்க்காட்டு மண்ணில் திருவாமூரில் பிறந்த திருநாவுக்கரசர் உழவாரம் ஏந்தியவராகவே சிற்பங்களில் நிற்கிறார். உழவாரம் புல் செதுக்கும் கருவி. அரசிலி, இரும்பை மாகாளம், திருவக்கரை எனப் பாடல்பெற்ற மூன்று தலங்களைக் கொண்ட வானூர் வட்டத்துக்கு இத்தொண்டு அயலானதன்று. விடுமுறை நாள்களில் கோயில் வளாகத்துப் புல்லைச் செதுக்கி நந்தவனம் திருத்தும் உழவாரப்பணி மன்றங்கள் தமிழகமெங்கும் இன்றும் இயங்குகின்றன. 2013ஆம் ஆண்டு வரையறைக்கு இவை முற்றும் பொருந்தும். ஆயினும் அவர்கள் தம்மைத் தன்னார்வலர் என்று சொல்லிக்கொள்வது அரிது; அடியார் என்றே சொல்வர்.

கல்வெட்டுகளைப் படிப்பவர் காண்பது இதனின் வேறான நந்தவனம். சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறமாக நிலம் விடப்படுகிறது. நந்தவனம் செய்வாருக்கும், திருப்பள்ளித்தாமம் பறித்துத் தொடுப்பாருக்கும் நெல் அளக்கவோ நிலம் கொடுக்கவோ ஏற்பாடு செய்யப்படுகிறது. புராணத்தில் தொண்டாக இருப்பது கல்வெட்டில் ஊதியமுள்ள வேலையாக இருக்கிறது. இவற்றை முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. நந்தவனம் தொடர்ந்து நிலைக்க வேண்டுமானால் நீர் இறைப்பவரின் உணவுக்கு வழி வேண்டும் என்பதைக் கொடையளித்தவர்கள் அறிந்திருந்தனர். தொண்டுள்ளம் ஒரு தோட்டத்தைத் தொடங்கப் போதும். ஐம்பது ஆண்டுகள் தண்ணீர் ஊற்ற அதுமட்டும் போதாது. இன்றைய தோட்டங்களைப் பற்றிய எழுத்துகளைவிட அக்கல்வெட்டுகள் இதில் வெளிப்படையானவை.

அதே கல்வெட்டுகளில் 'வெட்டி', 'முட்டையாள்' என்னும் சொற்களும் வருகின்றன. நொபொரு கராசிமா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இவற்றைக் குடிகள் செலுத்தவேண்டிய கட்டாய உழைப்போடு தொடர்புபடுத்தினர். இன்றைய பேச்சில் பயனற்ற வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். ஈடு கிடைக்காத உழைப்பைக் குறித்த ஒரு சொல் பயனின்மையைக் குறிக்கும் சொல்லாக வழங்குவது எண்ணத்தக்கது. ஊதியமின்மையை உயர்வாகவும் இழிவாகவும் காணும் இருவகை மரபும் நம்மிடம் உண்டு. எது எந்தப் பெயரைப் பெறும் என்பதைச் செய்யும் வேலை முடிவுசெய்யவில்லை. செய்பவர் யார், அவரால் மறுக்க இயலுமா என்பவையே முடிவுசெய்தன.

குடிமராமத்து இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. ஏரி, வாய்க்கால்களை ஊராரே செப்பனிடும் வழக்கத்தைக் காலனிய அரசு 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தால் சட்டக் கடமையாக்க முயன்றது. வழக்கமான உழைப்பைத் தரத் தவறியவர் அதன் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்தவேண்டும் என அச்சட்டம் கூறியது. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளை ஆராய்ந்த டேவிட் மோசே, தன்னிறைவான ஊர்ச்சமூகம் மனமுவந்து ஏரி காத்தது என்ற சித்திரமே ஓரளவு காலனிய ஆட்சியின் ஆக்கம் என வாதிடுகிறார். இக்கருத்தை முழுமையாக ஏற்காதவரும், கரை உடைந்த இரவில் மண்வெட்டியோடு போனவர்களுள் மறுக்கும் உரிமை எத்தனை பேருக்கு இருந்தது என்ற வினாவை ஒதுக்க இயலாது. இந்தியா 1954இல் ஏற்புறுதி செய்த 1930ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கட்டாய உழைப்பு உடன்படிக்கையும் சிறிய ஊர்ப்பொதுப் பணிகளை விலக்காகவே வைத்தது.

1968க்குப் பின்

1968 பிப்ரவரி 28 அன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் மண் ஒரு தாமரைத் தாழியில் இடப்பட்டு ஆரோவில் தொடங்கியது. அங்கு வாழ்பவர் தெய்வீக உணர்வுக்கு மனமுவந்து பணிபுரிபவராக இருத்தல் வேண்டும் என்பது அதன் சாசனத்தின் கோரிக்கை. நிலம் சுற்றூர் மக்களிடமிருந்து துண்டுதுண்டாக விலைக்கு வாங்கப்பட்டது. முதலில் வந்தோர் மண்ணரிப்பைத் தடுக்க வரப்பு கட்டினர், ஓடைகளில் தடுப்பணை எழுப்பினர், குழி தோண்டினர், மாட்டுவண்டியிலும் குடத்திலும் நீர் கொண்டுவந்து கன்றுகளுக்கு ஊற்றினர். விரைவில் வளரும் கத்திச் சவுக்கு போன்ற அயல்மரங்கள் முதலில் நிழல் தந்தன. அவற்றின் அடியில் உள்நாட்டு மரங்கள் பின்னர் வளர்க்கப்பட்டன. 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இம்முறையின் நன்கறிந்த எடுத்துக்காட்டு. அங்குத் திரண்ட பட்டறிவே பிற்காலத்தில் சென்னை அடையாற்றுத் தொல்காப்பியப் பூங்காவின் உருவாக்கத்துக்கும் பயன்பட்டது.

இவ்வேலைகளில் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, இரும்பை முதலான ஊர்களின் ஆண்களும் பெண்களும் கூலிக்கு ஈடுபட்டனர். இது மறைக்கப்பட்ட செய்தியன்று. தொடக்ககால ஆரோவில்வாசிகளின் நினைவுக் குறிப்புகளில் ஊரார் நன்றியோடு குறிக்கப்படுகின்றனர். ஆனால் குறிக்கப்படும் முறை நோக்கத்தக்கது. வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குப் பெயரும் நாடும் வந்த காரணமும் உண்டு; ஊராருக்கு 'உதவிய கிராமத்தார்' என்னும் பன்மை மட்டுமே உண்டு. வரப்பை எங்கே போட்டால் நீர் நிற்கும், எந்த மாதத்தில் எந்த விதை முளைக்கும், எந்தச் செடியை ஆடு தொடாது என்பவற்றை அறிந்தவர் அப்பன்மைக்குள் இருந்தனர். அவர்கள் விற்ற உழைப்போடு அறிவும் விலைபோயிற்று. கூலி உழைப்புக்குத்தான் கொடுக்கப்பட்டது.

ஆரோவில்வாசிகளின் பணியும் வரையறைக்கு எளிதில் அடங்குவதன்று. சமூகப் பணிக்கு ஈடாக அவர்களுட் பலர் பெறுவது ஊதியம் எனப்படுவதில்லை, 'பராமரிப்பு' எனப்படுகிறது. ஆக ஒரே தோட்டத்தில் காலை ஏழு மணிக்கு மூவர் மண்வெட்டி எடுத்தால், ஒருவருக்குப் பராமரிப்பு, ஒருவருக்குக் கூலி, மூன்றாமவருக்கு ஏதுமில்லை. அம்மூன்றாமவர் பெரும்பாலும் தம் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் தாமே பணம் கொடுத்துக்கொண்டிருப்பவர்.

தன்னார்வலரின் வருகை

மூன்றாமவரின் வரலாறு பிந்தியது. தமிழகக் கல்லூரிகளில் 'தொண்டர்' என்னும் சொல்லுக்கு நிறுவன வடிவம் தந்தவற்றுள் முதன்மையானது, 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம். மரம் நடுதலும் சாலை போடுதலும் அதன் முகாம்களின் வழக்கமான பணிகள். ஏறத்தாழ அதே காலத்தில், 1973இல், நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் தோழர்களும் கைவிடப்பட்ட மனை ஒன்றைத் திருத்திச் சமூகத் தோட்டமாக்கினர். அங்கும் தொடக்கம் 'பாழ்நிலம்' என்ற சொல்தான். ஆனால் அங்குத் தோண்டியவர்கள் அத்தெருக்களைச் சார்ந்தவர்கள். வானூரில் தன்னார்வலர் தொலைவிலிருந்து வந்தார், தெருவிலிருந்தவர் கூலிக்கு வந்தார் என்பது பெருவேறுபாடு.

2003 டிசம்பரில் தொடங்கிய சாதனா வனம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். ஆரோவிலின் விளிம்பில், மண் கடுமையாக அரித்துப்போன நிலத்தில், குறுங்காலத் தன்னார்வலரின் உழைப்பையே அடிப்படையாகக் கொண்டு உலர் பசுமைமாறாக் காட்டை மீட்கும் முயற்சி அது. அகழிகளும் வரப்புகளும் வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது அதன் முதற்பணி. கூலியாட்களை அமர்த்தாமல், வெளியிடுபொருள் வாங்காமல் மிகக் கெட்ட நிலத்தில் காய்கறி விதைகளைக் காத்துவரும் கூழாங்கல் தோட்டம் இன்னொரு வகை. அங்கு உழைப்பவர் தோட்டத்துக்குரியவரே. புகுவோகாவின் இயற்கை வேளாண்மையைப் பின்பற்றும் சாலிட்யூட் பண்ணையில், உள்ளூர்க் கீரைகளையும் காய்களையும் உண்ணக் கற்பிப்பதும் தோட்டவேலையின் பகுதியாகிறது.

இம்முயற்சிகளின் பயனைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கையால் மண் தொட்டறியாத நகரத்து மாணவன் ஒருவன் இரண்டு வாரத்தில் மட்கு எது, சாணம் எது என்று கற்றுத் திரும்புவது சிறிய செய்தியன்று. இக்கட்டுரையாளரும் அவ்வாறு கற்றவரே. வரப்பு கட்டத் தெரியாமல் கட்டி, முதல் மழையில் அது கரைந்ததைப் பார்த்து நின்றதும் உண்டு. அவ்வரப்பை மீண்டும் கட்டியவர்கள் நீள நோட்டில் பெயருள்ளவர்கள். தன்னார்வம் என்பதற்கு ஓய்வுநேரமும் சேமிப்பும் திரும்பிச் செல்ல ஓரிடமும் முன்தேவைகள். இவை இல்லாத ஒருவர் கூலி வாங்குவதால் அவருக்குத் தோட்டத்தின்மீது ஆர்வமில்லை என்றாகாது. கூலியாள் என்ற சொல் மட்டும் அவ்வாறு நினைக்கச் செய்துவிடுகிறது.

நூறு நாள் வேலையும் புதிய குடிமராமத்தும்

2006 பிப்ரவரியில் தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் தொடங்கியபோது தமிழகத்தின் முதற்கட்ட ஆறு மாவட்டங்களுள் விழுப்புரமும் ஒன்று. ஏரி தூர்வாருதல், வரப்பு அமைத்தல், மரம் நடுதல் என ஆரோவில் மேட்டில் நிகழ்ந்தவற்றையொத்த வேலைகள் சுற்றூர்ப் பொதுநிலங்களில் அரசுக் கூலியில் நடைபெற்றன. வேலைக்கு வந்தவர்களுள் பெரும்பான்மையர் பெண்கள். 'நூறு நாள் வேலை' என்றதும் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர் என்ற கேலியே படித்தவர் பேச்சில் முந்துகிறது. தன்னார்வலர் மரத்தடியில் உட்கார்ந்தால் அதற்குப் பெயர் இயற்கையோடு இயைதல். 2017இல் தமிழக அரசு ஏரி மராமத்துத் திட்டமொன்றுக்குக் குடிமராமத்து என்றே பெயரிட்டபோது, 1858ஆம் ஆண்டின் கட்டாயம் மறந்து, ஊர்கூடித் தேரிழுக்கும் நினைவு மட்டும் அச்சொல்லில் எஞ்சியிருந்தது.

பெயரிடலின் விளைவு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 2021 டிசம்பரில் ஆரோவில் நகரச் சாலைப் பணிக்காக மரங்கள் அகற்றப்பட்டதையொட்டி எழுந்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது. 2022இல் அது பிறப்பித்த ஆணையை 2025 மார்ச்சில் உச்சநீதிமன்றம் நீக்கியது. மனிதர் நட்டு வளர்த்ததைக் காடு எனக் கொள்ளலாமா என்ற வினாவும் அப்பூசலில் இடம்பெற்றது. நட்ட மனிதர் எவரெவர் என்பது நீதிமன்றத்தின் வினா அன்று; ஆனால் வரலாற்று மாணவருக்கு அது முதல் வினா.

கூலி நோட்டு என்னும் மூலம்

அவ்வினாவுக்கு விடை தரக்கூடிய மூலங்கள் எளியவை. விருந்தினர் பதிவேடு, செய்திமடல், ஒளிப்படம், நினைவுக்குறிப்பு ஆகியவை தன்னார்வலரின் பக்கம். கூலி நோட்டு, முன்பணக் குறிப்பு, வண்டிக்காரர் கணக்கு, ஊராட்சியின் வருகைப் பட்டியல் ஆகியவை மறுபக்கம். முதல்வகை, எழுதப்படும்போதே பாதுகாக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதப்படுவது. இரண்டாம்வகை, சனிக்கிழமை மாலையோடு பயன் முடிந்துவிடுவது. நந்தவனத்துக்கு நீர் இறைத்தவரின் கூலியைச் சோழர்காலத்தார் கல்லில் வெட்டியதால் அது நமக்குக் கிடைக்கிறது. 1970களில் செம்மண் மேட்டில் நீர் சுமந்தவரின் கூலிக்கணக்கு தாளில் இருந்தது. அத்தாள்களுள் எஞ்சியவற்றையும், அவ்வேலை செய்தவர்களின் வாய்மொழியையும் திரட்டும் பணி காலத்தோடு போட்டியிடுவது. அவர்களுள் இளையவர்களே இன்று அறுபதைக் கடந்தவர்கள்.

முன்னுரையில் குறிப்பிட்ட தோட்டத்தில் பழைய கூலி நோட்டுகளைப் பார்க்கக் கேட்டபோது, கணக்கு முடிந்தபின் அவற்றின் தாள்களில் விதைப் பொட்டலம் மடிப்பது வழக்கம் என்றனர். விதைப்பெட்டியில் அத்தகைய பொட்டலம் ஒன்று கிடைத்தது. வெளிப்புறத்தில் 'கத்தரி' என்று எழுதியிருந்தது. விதைகளை வேறு தாளுக்கு மாற்றிவிட்டு அதைப் பிரித்தபோது, உட்புறத்தில் ஒரு தை மாதத்து வாரத்தின் ஆறு கட்டங்களும், அவற்றின் எதிரே நான்கு பெண்களின் பெயர்களும் இருந்தன. வியாழக்கிழமைக் கட்டத்தில் ஒருவருக்கு மட்டும் குறி இல்லை.